படையணி செல்லும் வீதியில் பிள்ளைகள் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 4 ஆம் திகதி நெருங்கும்போது, காலி முகத்திடலையோ சுதந்திர சதுக்கத்தையோ அண்டிய வீதிகள் ஒத்திகைக்காக எந்தெந்த நாட்களில் எத்தனை மணிக்கு மூடப்படும் என்ற பொலிஸ் அறிவித்தல் பத்திரிகைகளில் வெளிவருவது வழக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பில் வாழ்ந்துவரும் எனக்குச் சுதந்திர தினத்தின் வருகையை முதலில் உணர்த்துவது அந்த அறிவித்தல்தான். அதன் பின்னர் விமானங்களின் இரைச்சல் கேட்கும்; அன்றைய தினம் தொலைக்காட்சியில் அணிவகுப்பைக் கண்டுவிட்டு மதியச் சமையலுக்குச் செல்வோம். வேறு எவ்விதமாகவும் ஒரு நாடு தன் பிறந்தநாளைக் கொண்டாடலாம் என்ற எண்ணமே கடந்த ஆண்டு மே மாதம் வரையில் எனக்குத் தோன்றியதில்லை.

அந்த மாதத்தில் ஒஸ்லோவில் வசிக்கும் என் பெறாமகளின் வீட்டில் தங்கியிருந்தேன். குளிர் விட்ட காலம், பகல் நீண்டிருக்கும், பெரியம்மா நடந்து திரியலாம் என்று சொல்லித்தான் என்னை அழைத்திருந்தாள். மே 17 ஆம் திகதி அங்கே தேசிய தினம் என்பதை நான் போய்ச் சேர்ந்த பின்னரே அறிந்தேன். நோர்வே என்றவுடன் என் தலைமுறைக் கொழும்புத் தமிழர்களுக்கு நோர்வேயின் அனுசரணையில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையும், சூட்கேசுடன் வந்து வந்து போன சமாதானத் தூதுவர்களும் நினைவுக்கு வருவார்களேயன்றி, அந்த மக்கள் தம் நாட்டில் எப்படிச் சிரிப்பார்கள், எதற்குக் கூடுவார்கள் என்பதெல்லாம் நாம் எண்ணிப் பார்த்த விடயங்கள் அல்ல.

முதல் நாள் மாலையிலேயே அடுக்குமாடியில் இஸ்திரிப் பெட்டிகள் சூடேறிவிட்டன. பூனாட் என்று அவர்கள் அழைக்கும் மரபுடை, கம்பளித் துணியில் பூவேலை செய்யப்பட்டு, நெஞ்சில் வெள்ளிப் பதக்கங்கள் தொங்க, ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கும். ஒரு பெண்ணின் பூனாட்டைப் பார்த்து அவளுடைய தாய் அல்லது பாட்டி எந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர் என்று விடயமறிந்தவர்கள் சொல்லிவிடுவார்களாம். பெருந்தொகை கொடுத்துத் தைப்பித்து, நம்மவர் கூறைச் சேலையைப் பேணுவதுபோல அலுமாரியில் பேணி, மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் பெறாமகளிடம் பூனாட் இல்லை. அவள் காஞ்சிபுரச் சேலை உடுத்து, சிவப்பு, வெள்ளை, நீல நிற நாடாவை நெஞ்சில் குத்திக்கொண்டாள். மாடிப்படியில் எதிர்ப்பட்ட அயல்வீட்டு மூதாட்டி தன் பூனாட்டின் வெள்ளியை எமக்குக் காட்டிவிட்டு, சேலையின் கரையைத் தொட்டுப் பார்த்து, “கிராத்துலேரர் மெட் டாகன்” என்றார். “இந்நாளுக்கு வாழ்த்துகள்” என்பது அதன் பொருள். ஒருவருடைய பிறந்தநாளுக்கும் அவர்கள் இதே வாழ்த்தைத்தான் சொல்கிறார்கள் என்று பெறாமகள் பின்னர் விளக்கினாள்.

மறுநாட் காலை மூன்றாம் வகுப்பில் படிக்கும் பேத்தியுடன் நிலக்கீழ் ரயிலில் நகரத்துக்குச் சென்றோம். ஊர்வலம் பத்து மணிக்குத் தொடங்கியது. ஒஸ்லோவின் நூறுக்கும் மேற்பட்ட பாடசாலைகள் ஒவ்வொன்றும் தன் பதாகையை முன்னே ஏந்தி, அதன் பின்னே வாத்தியக் குழுவும், அதன் பின்னே கையில் சிறு கொடியுடன் பிள்ளைகளுமாகக் கார்ல் யூஹான் வீதி வழியே அரண்மனையை நோக்கி நடந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களை வரிசையில் நிறுத்திப் பழகிய ஆசிரியை என்ற முறையில் நான் முதலில் கவனித்தது, அங்கே வரிசையே இல்லை என்பதைத்தான். சிலர் ஓடினர், சிலர் பின்தங்கினர், சப்பாத்து நாடா அவிழ்ந்த ஒரு சிறுவன் வீதி நடுவே குந்தியிருந்து அதைக் கட்டி முடிக்கும்வரை அவனுடைய வகுப்பே காத்து நின்றது. ஒருவரும் அதட்டவில்லை. தலைமறைப்பு அணிந்த சிறுமிகளும், ஆபிரிக்கப் பிள்ளைகளும், நம்முடைய பிள்ளைகளும் கலந்து “ஹுர்ரா” என்று கூவிக்கொண்டே சென்றார்கள். அரண்மனை மாடத்தில் மன்னர் ஹரால்டும் அரசியும் முடிக்குரிய இளவரசர் குடும்பத்தினரும் மணிக்கணக்காக நின்று, ஆண்கள் உயர்ந்த தொப்பியைக் கழற்றியும் பெண்கள் கையசைத்தும், கடைசிப் பாடசாலை கடந்து செல்லும்வரை பிள்ளைகளுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். வயது எண்பதைக் கடந்த மன்னர் நிற்கிறார், எட்டு வயதுப் பிள்ளை அவரைக் கடந்து போகிறது என்ற அந்தக் காட்சியிலிருந்து என் கண்கள் நெடுநேரம் விலகவில்லை.

உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். அரச காவற்படையின் வாத்தியக் குழு ஊர்வலத்தில் வருகிறது. போரில் மடிந்தோரின் நினைவுச் சின்னங்களில் காலையிலேயே மலர்வளையம் வைக்கிறார்கள். நோர்வே படையில்லாத நாடும் அன்று. 2015 முதல் அங்கே பெண்களுக்கும் கட்டாய இராணுவ சேவை உண்டு. அப்படியிருந்தும் அந்த நாளின் நடுவீதியில் பீரங்கியோ கவச வாகனமோ வருவதில்லை. படை வேண்டும் என்பதும், பிறந்தநாளன்று அதைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்பதும் வெவ்வேறு விடயங்கள் என்று அவர்கள் கருதுகிறார்கள் போலும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று பெறாமகளின் கணவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அங்குள்ள நூலகத்தில் ஆங்கில நூல்களிலும் தேடிப் படித்தேன். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் டென்மார்க்குடன் இணைந்திருந்த நோர்வே, 1814 ஆம் ஆண்டு நடந்த பேரத்தில் சுவீடனுக்குக் கையளிக்கப்பட்டபோது, 112 பிரதிநிதிகள் ஐட்ஸ்வொல் என்னும் ஊரில் கூடித் தமக்கென ஓர் அரசியலமைப்பை எழுதி மே 17 ஆம் திகதி கையெழுத்திட்டார்கள். அவர்கள் விரும்பிய முழு விடுதலை அப்போது கிட்டவில்லை; அதே ஆண்டில் சுவீடனின் மன்னருக்குக் கீழ்ப்பட நேர்ந்தது, அந்தப் பிணைப்பு 1905 இல்தான் அறுந்தது. ஆகவே அவர்கள் கொண்டாடுவது ஒரு சட்டப் புத்தகம் எழுதி முடிக்கப்பட்ட நாளை. சுவீடன் மன்னர் கார்ல் யூஹானுக்கு அந்தக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை. 1829 ஆம் ஆண்டு மே 17 அன்று தலைநகரில் கூடிய மக்களைக் குதிரைப் படை கலைத்தது. இன்று பிள்ளைகள் நடக்கும் வீதிக்கு அதே மன்னரின் பெயர் என்பது வரலாற்றின் குறும்பு. பின்னர் 1870 இல், நோர்வேயின் தேசிய கீதத்தை எழுதிய கவிஞர் பியோர்ன்ஸ்டியர்ன பியோர்ன்சன் முன்னின்று சிறுவர் ஊர்வலத்தைத் தலைநகரில் தொடக்கிவைத்தார். முதலில் ஆண்பிள்ளைகள் மாத்திரமே நடந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு 1889 இல்தான் இடம் கிடைத்தது. ஜேர்மனிய ஆக்கிரமிப்பு நடந்த 1940 முதல் 1945 வரையான காலத்தில் கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. மே 8 இல் விடுதலை கிடைத்து, ஒன்பதே நாட்களில் மீண்டும் வீதிக்கு வந்துவிட்டார்கள்.

இவையெல்லாவற்றிலும் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது வேறொரு செய்தி. அவர்கள் போற்றும் அந்த 1814 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரை யூதர்கள் நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று கூறியது. ஹென்ரிக் வேர்கெலான் என்ற கவிஞர், மே 17 கொண்டாட்டத்துக்காக அரசுடன் மல்லுக்கட்டிய அதே மனிதர், அந்த வாசகத்தை நீக்கவேண்டும் என்று தம் வாழ்நாளின் இறுதிவரை வாதாடி 1845 இல் காலமானார். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1851 இல், அந்தத் தடை நீக்கப்பட்டது. இன்றும் ஒவ்வொரு மே 17 அன்றும் ஒஸ்லோவின் யூத சமூகத்தினர் அவருடைய கல்லறையில் மலர்வளையம் சாத்துகிறார்கள். தம்மை வெளியே நிறுத்திய ஓர் ஆவணத்தின் பிறந்தநாளில், அந்த ஆவணத்தைத் திருத்தப் போராடியவருக்கு நன்றி சொல்வதை அவர்கள் தமது பங்காக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்முடைய கதை எதிர்த்திசையில் நடந்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. எந்த ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கூறியிருந்தது. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தப் பாதுகாப்பு காணாமற்போனது. அவர்கள் தடையை எடுத்தார்கள். நாம் காப்பை எடுத்தோம்.

அங்குள்ளவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்வதாக எவரும் கருதவேண்டாம். வடக்கே வாழும் சாமி பழங்குடியினரின் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பாடசாலையில் தாய்மொழி பேசுவதிலிருந்து தடுக்கப்பட்டார்கள். அவர்களின் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் கடமை 1988 இல்தான் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது, 1997 இல் மன்னர் ஹரால்ட் சாமி மக்களின் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எனினும் மன்னிப்புக் கேட்கும் மன்னர் ஒருவர் இருப்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு சொல். எண்பதுகளில் அங்கு போன பலர் வட கோடியிலுள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று வேலை செய்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் இந்த ஊர்வலத்தில் நடந்து வளர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே அங்கு சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயராகி, பின்னர் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார்.

ஊர்வலம் முடிந்ததும் பேத்தியின் பாடசாலை முற்றத்துக்குத் திரும்பினோம். சாக்கு ஓட்டம், கரண்டியில் உருளைக்கிழங்கு வைத்து ஓடும் ஓட்டம், அதிர்ஷ்டச் சீட்டு, பெற்றோர் சுட்டுக் கொடுக்கும் சொசேஜஸ் என நம்மூர்ச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளை ஒத்த அமர்க்களம். அன்றைக்குப் பிள்ளைகள் எத்தனை ஐஸ்கிரீம் சாப்பிட்டாலும் பெற்றோர் தடுப்பதில்லை என்பது எழுதப்படாத சட்டம். பேத்தி நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு, இதையும் அம்மம்மா எண்ணக்கூடாது என்றாள்.

மறுநாள் மே 18, 2009 இல் முடிந்த போரில் மடிந்தோரைத் தமிழர் நினைவுகூரும் நாள். காலையில் எழுந்தபோது சமையலறை மூலையில் விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. அதன் முன்னே, 2009 இல் வன்னியில் காணாமற்போன என் பெறாமகளின் மைத்துனருடைய படம். மதியம் உப்பும் அரிசியும் மாத்திரம் இட்ட கஞ்சி. முதல் நாள் கொடி பிடித்த அதே பேத்தி அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, எதற்காக இது என்று கேட்டாள். அவளுடைய தகப்பன் அவளுக்கு விளங்கும் அளவில் சொன்னார். எவருக்கும் பயந்து சன்னலைச் சாத்தவேண்டிய தேவை அந்த வீட்டில் இருக்கவில்லை. அதற்கு மறுநாள் மே 19 அன்று நம் நாட்டில் படைவீரர் தின நிகழ்வு நடப்பதைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். அடுத்தடுத்த மூன்று நாட்களில் மூன்று விதமாக ஒரு குடும்பம் நாட்டை நினைக்கவேண்டியிருப்பதை எண்ணி நான் அன்றிரவு உறங்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, இத்தனையும் எழுதியது ஒரு கோரிக்கைக்காக. பெப்ரவரி 4 அன்று படையணி செல்லும் வீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும். 2025 ஆம் ஆண்டு விழாவில் செலவைக் கருதிப் படையினரின் எண்ணிக்கை குறைக்கப்பட்டதை வரவேற்கிறேன். ஆனால் குறைப்பது ஒன்று, மாற்றுவது மற்றொன்று.

நம் நாட்டில் பிள்ளைகள் விழாக்களில் இல்லாமலில்லை என்று எவரேனும் கூறலாம். இருக்கிறார்கள், வெற்றிலைத் தட்டுடன் நிற்கிறார்கள். நான் கற்பித்த ஒரு பாடசாலைக்கு அமைச்சர் ஒருவர் வருவதாக இருந்த நாளில், காலை ஏழரை மணிக்கு வீதியின் இருமருங்கிலும் நிறுத்தப்பட்ட மாணவிகள் பத்தரை மணிவரை வெயிலில் காத்து நின்றார்கள். இரு பிள்ளைகள் மயங்கி விழுந்தபோது, வாகனத் தொடர் வந்துவிடும் என்பதால் அவர்களை வீதிக்குக் குறுக்கே தூக்கிச் செல்வதற்குக்கூடத் தயங்கினோம். அந்தத் தயக்கத்தில் நானும் இருந்தேன் என்பதை இன்று வெட்கத்துடன் எழுதுகிறேன். ஒஸ்லோவில் மாடத்தில் நின்ற முதியவரைப் பார்த்தபோது எனக்கு அந்த இரு பிள்ளைகளின் முகங்களே நினைவுக்கு வந்தன. பெரியவர் நிற்க, பிள்ளை நடக்கவேண்டும். நாம் அதைத் தலைகீழாகச் செய்துவந்திருக்கிறோம்.

தமிழ் வாசகர்களிடமிருந்து எழக்கூடிய மறுப்பையும் நான் அறிவேன். வடக்கு கிழக்கில் பலர் அந்த நாளைக் கரிநாளாக அனுட்டிக்கிறார்கள். நமக்குச் சுதந்திரமே இல்லாதபோது ஊர்வலம் எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பொய் என்று சொல்ல என்னால் இயலாது. பண்டிதர் மு. நல்லதம்பி மொழிபெயர்த்த தேசிய கீதம் நம் பாடப் புத்தகங்களில் அச்சாகியிருக்க, 1949 க்குப் பின்னர் 2016 இல்தான் அது சுதந்திர தின அரச விழாவில் தமிழில் ஒலித்தது. 2020 இல் மீண்டும் மௌனமாக்கப்பட்டது. ஒரு பாட்டே ஆட்சிக்கு ஆட்சி வருவதும் போவதுமாக இருக்கும் நாட்டில், கொடியுடன் நட என்று தமிழ்ப் பிள்ளையைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. ஆகவே நான் கேட்பது கட்டாயம் அன்று. நடக்க விரும்பும் பாடசாலை தன் மொழியில், தன் பாட்டுடன், தன் பதாகையின் கீழ் நடக்கட்டும். விரும்பாதது வீட்டில் இருக்கட்டும். பதிவேட்டில் வரவு குறிக்கவேண்டாம். வராதவர்களைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பவேண்டாம்.

வீதியில் கூடி நிற்கும் பழக்கத்தைக் கொழும்பு மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டு வரும்போது, காலி வீதியின் இருபக்கமும் தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி நின்றதை என் வயதொத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெசாக் காலத்தில் இலவசமாக உணவு வழங்கும் தன்சல் வரிசையில் நிற்கும்போது எவரும் எவருடைய மதத்தையும் கேட்பதில்லை; ஐஸ்கிரீம் தன்சல்கூட நம்மிடம் உண்டு. தேருக்கும் பெரஹெராவுக்கும் நின்று பார்த்த அதே மக்கள், தம் பிள்ளைகளுக்காக நிற்கமாட்டார்களா?

பெப்ரவரி வெயிலைக் கருதிக் காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடலாம். முழு நகரமும் வேண்டியதில்லை. ஓர் அயலில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலை, ஒரு சிங்களப் பாடசாலை, ஒரு முஸ்லிம் பாடசாலை ஆகிய மூன்றின் அதிபர்கள் கூடிப் பேசினால், ஓர் ஆண்டு வெள்ளவத்தைச் சந்தியிலிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் பிள்ளைகளை நடத்திப் பார்க்கலாம். வீதியை இரண்டு மணித்தியாலம் மூடவேண்டியிருக்கும். ஒத்திகைக்காக வாரக்கணக்கில் மூடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய இடையூறன்று. முன்வரிசையில் எந்த அரசியல்வாதிக்கும் நாற்காலி போடக்கூடாது என்பதை மாத்திரம் முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளவேண்டும்; நாற்காலி போட்டால் உரை வரும், உரை வந்தால் வெயில் ஏறிவிடும்.

அப்படி எந்த மூன்று பாடசாலைகளேனும் முன்வந்தால், என்னோடு ஓய்வுபெற்ற சில ஆசிரியைகள் குடிநீர், முதலுதவி ஆகியவற்றின் பொறுப்பை ஏற்க ஆயத்தமாக இருக்கிறோம். ஐஸ்கிரீமுக்கான பணத்தை ஒஸ்லோவிலிருந்து அனுப்புவதாகப் பெறாமகள் சொல்லியிருக்கிறாள். எத்தனை பிள்ளைகள் என்ற தொகையை அதிபர்கள் தைமாத முற்பகுதியில் அறிவித்தால் போதுமானது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.